ஒரு மெட்டி குறைகிறது

எத்தனை தடவை எண்ணினாலும் ஒரு மெட்டி குறைந்தது. பெத்துராஜ் கைக்குட்டையின் முடிச்சை மறுபடியும் அவிழ்த்து, இரண்டு தொடைகளையும் சேர்த்து மடியில் பள்ளம் பண்ணிக்கொண்டு, அதில் விரித்துப் பார்த்தார். தாலிச் செயின் இருந்தது. வளையல்கள் இருந்தன. கம்மல்கள் திருகாணியோடு இருந்தன. மூக்குத்தி, எங்கே உருண்டு போய்விடுமோ என்று அவர் பஸ் டிக்கெட்டில் மடித்துவைத்த மூக்குத்தி, டிக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. மெட்டி மட்டும் ஒற்றையாகக் கிடந்தது. மெட்டி என்றால் ஜோடிதான். ஒரு காலில் மட்டும் மெட்டி போட்ட பெண்ணை அவர் கோவில்பட்டியிலும் பார்த்ததில்லை, ஹாக்கி ஆடப்போன எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஆடப்போன ஊர் என்றா சொன்னோம், ஆட்டம் பார்க்கப்போன ஊர் என்று சொல்ல வேண்டும், அதுவும் பெஞ்சில் உட்கார்ந்து. சரி, அது இப்போது எதற்கு. மெட்டி எங்கே. கீழே விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும், வெள்ளி விழுந்தால் தனிச் சத்தம். குனிந்து பார்த்தார். நாற்காலிக்கு அடியில் யாரோ குடித்துப் போட்ட காகித டம்ளரும் ஒரு பிளாஸ்டிக் மூடியும் கிடந்தன. தரையை அப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பினாயில் வாடை. துடைக்கிற குச்சியோடு சேர்ந்து போயிருக்குமோ. துடைத்த பெண்ணைப் போய்க் கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். கேட்காமல் இருந்தால் இப்படியே எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவர் மறுபடியும் எண்ணினார். மெட்டி ஒன்றுதான்.

அவர் எண்ணாமல் வாங்கியது அவர் ஆயுசில் இது ஒன்றுதான். காலையில் செண்பகவல்லியை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, பச்சைத் துணி போர்த்தி, தலையில் ஒரு தொப்பி மாட்டி, அந்தத் தொப்பியில் அவள் மில் கேண்டீனில் வடை போடுகிறவள் மாதிரி இருந்தாள், அப்படியே ஆபரேஷன் தியேட்டர் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ் ஸ்டீல் தட்டை நீட்டினாள். "இந்தாங்க சார், அம்மாவோட நகை. சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க." அவர் தட்டைப் பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சர் திரும்புகிற இடத்தைப் பார்த்தார். "சரியா இருக்கும்மா" என்றார். திரும்புகிற இடத்தில் அவள் தலையைக் கொஞ்சம் தூக்கி அவரைப் பார்த்துச் சிரித்தாள். பயந்தவர்கள் தைரியம் சொல்லச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. வேறு ஏதோ சிரிப்பு. அதை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடுவதற்குள் கதவு மூடிவிட்டது. அவர் தட்டிலிருந்ததை அப்படியே கைக்குட்டையில் கொட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்து இங்கே உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் எண்ணினார். முதலில் எண்ணிவிட்டு அப்புறம் சரி என்று சொல்ல வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இத்தனை வருஷம் அடுத்தவர்கள் பொருளைக் காபந்து பண்ணிய மனுஷன், பெண்டாட்டி பொருளில் கோட்டை விட்டால் அதை என்னவென்று சொல்வது. தாலிச் செயின் கனமாக இருந்தது. அவள் கழுத்தில் கிடந்தபோது இவ்வளவு கனம் என்று அவருக்குத் தெரியாது. கட்டின நாளுக்குப் பிறகு அதை அவர் கையில் வாங்கியதே இல்லை. கையில் வாங்கக்கூடாத ஒன்றை வாங்கிவிட்ட மாதிரி இருந்தது. சேச்சே, என்ன நினைப்பு இது. ஆஸ்பத்திரியில் எல்லாரும்தான் கழற்றிக் கொடுக்கிறார்கள். அவர் அவசரமாக முடிச்சைப் போட்டார்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போய்விட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, அப்புறம் வாசல் தெளித்தாலே மூச்சு வாங்கியது. திருநெல்வேலிக்குக் கூட்டிவந்து காட்டியபோது டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். பழையதை எடுத்துவிட்டு வேறு ஒன்று வைக்கப்போகிறோம் என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் கயத்தாறு தாண்டுகிற வரைக்கும் செண்பகவல்லி அந்தப் படத்தை மடிப்பதும் விரிப்பதுமாக வந்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடியே, "உங்க ஆளுதாங்க உள்ள வரப்போறான்" என்றாள். "யாரு?" "எக்ஸ்ட்ரா." அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுதுவிடுவோம் என்று பயமாகவும் இருந்தது. "பெஞ்சுல இருந்தவன் கடைசியில இறங்கி ஆடப்போறான். நல்லா ஆடுவானா?" என்று கேட்டாள். "நல்லா ஆடுவான். சும்மா இருந்தவனுக்குத்தான் ஆச ஜாஸ்தி" என்றார் அவர். இப்போது இந்த மூடின கதவுக்கு அந்தப் பக்கம் அதுதான் நடந்துகொண்டிருக்கும். ஒரு பையன் களைத்து வெளியே வருகிறான், இன்னொருவன் உள்ளே போகிறான். போடே, பயப்படாதே, உடம்பு சூடாகிற வரைக்கும்தான் தடுமாற்றம், அப்புறம் தானாக வந்துவிடும் என்று பெத்துராஜ் அந்த வால்விடம் மனசுக்குள் சொன்னார். தான் இப்படிச் சொல்வது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. ஆனாலும் சொன்னார். இப்படி எத்தனையோ பிள்ளைகள் முதுகில் தட்டிச் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த மந்திரம் அது ஒன்றுதான்.

பெஞ்ச் அவருக்குப் புதிதில்லை. இது பெஞ்சும் இல்லை, ஒன்றோடொன்று இணைத்த ஸ்டீல் நாற்காலி, ஓட்டை ஓட்டையாக, உட்கார்ந்தால் குளிர்ந்தது. மில் அணியில் ஆட்டக்காரன் என்றுதான் அவருக்கு ஸ்டோரில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். நடுவில் நின்று தடுக்கவும் வேண்டும், எடுத்துக் கொடுக்கவும் வேண்டும், அந்த ஹாஃப் இடத்தில் வலது, இடது, நடு எது கேட்டாலும் நிற்பார். எதிலும் நிற்க முடிகிறவனுக்கு எதிலும் இடம் கிடைக்காது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. நடுவில் கேப்டன் சூசை நின்றான். சூசை ஒரு ஆட்டம்கூட உட்கார மாட்டான். காய்ச்சலோடு ஆடுவான், கல்யாணத்துக்கு மறுநாள் ஆடினான். அந்தக் காலத்தில் இன்றைக்கு மாதிரி ஆளை மாற்றி மாற்றி இறக்குகிற சட்டமும் கிடையாது, இறக்கினால் இறக்கினதுதான். அதனால் பெத்துராஜ் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஆட்டம் தொடங்குமுன் பயல்கள் ஒவ்வொருத்தனாக வந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருத்தன் வாட்ச், ஒருத்தன் மாமனார் போட்ட மோதிரம், சூசை கழுத்திலிருக்கிற சிலுவைச் செயின். கோல்கீப்பர் முன்பல் இரண்டையும் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பான், அது பொய்ப்பல் என்பது பெத்துராஜைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொள்வார். வாட்சுகள் மடியில் கிடந்து ஓடுகிற சத்தம் தொடையில் தெரியும். ஆட்டம் முடிந்ததும் வியர்வையோடு வந்து கை நீட்டுவார்கள். யார் கையில் எது என்று அவர் பார்க்காமலே எடுத்து வைப்பார். ஒன்றுகூடத் தவறினதில்லை. ஒரு திருகாணிகூட. இன்றைக்கு மெட்டி.

"யாருய்யா உள்ள?" என்று பக்கத்து நாற்காலி அம்மா கேட்டாள். வயர்கூடையை மடியில் வைத்திருந்தாள், புளியங்குடியிலிருந்து வருகிறாளாம், வீட்டுக்காரருக்கு அடைப்பு. "வீட்டுல" என்றார் பெத்துராஜ். "என்ன வேல பாத்தீக?" "ஹாக்கி கோச்." அந்த அம்மாவுக்கு அது பிடிபடவில்லை. "மட்டையும் பந்தும்" என்றார். "அந்த வெளையாட்டா. நீங்களும் வெளையாடுவீகளா?" இந்தக் கேள்விக்கு அவர் எப்போதும் யோசிப்பார். "ஆடியிருக்கேன். ஒரு தடவ." அந்த அம்மா பரிதாபமாகப் பார்த்தாள். அவருக்கு ஒன்றுக்குப் போக வேண்டும் போல இருந்தது, வந்த நேரத்திலிருந்தே இருந்தது, முட்டிக்கொண்டு இருந்தது. ஆனால் மடியில் மூட்டை. இன்றைக்கென்று பார்த்து வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார், சட்டைப் பையோ குனிந்தால் கொட்டுகிற பை. டவுசர் போட்டு வந்திருக்கலாம், அவள் தைத்துக் கொடுத்த டவுசர். அவர் நெளிவதை அந்த அம்மா கவனித்திருக்க வேண்டும். "போய்ட்டு வாங்கய்யா. அத எங்கிட்ட குடுங்க, நான் வச்சிருக்கேன்" என்று கையை நீட்டினாள். நல்ல கை, மண்வேலை செய்த கை. அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அவள் முகம் சுருங்கிவிட்டது. உங்களைச் சந்தேகப்படவில்லை அம்மா, இருக்கிறதோடு ஏற்கெனவே ஒன்று குறைகிறது, இன்னும் ஒன்று குறைந்தால் எனக்குத் தாங்காது என்று சொல்ல நினைத்தார். காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரே ஒரு தடவைதான் அவர் மூட்டையை அடுத்தவர் கையில் கொடுத்தார். கோவில்பட்டியில் கோடைப் போட்டியின் கடைசி ஆட்டம். சவுக்குக் கம்பு கட்டிப் போட்ட காலரி முழுக்க ஆட்கள், மில்லில் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். எதிரே பெங்களூர் அணி, எல்லாரும் நெட்டை நெட்டையாக. மில் அணி ஒரு கோல் பின்னால் இருந்தது. இரண்டாம் பாதி ஆடிக்கொண்டிருக்கும்போது சூசை முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மேனேஜர் உள்ளே ஓடினார், இன்னொரு எக்ஸ்ட்ரா முன்னாடியே இறங்கியிருந்தான், ஆக பெஞ்சில் பெத்துராஜ் ஒருத்தர்தான். "பெத்து, இறங்குல" என்று மேனேஜர் மைதானத்துக்குள்ளிருந்து கத்தினார். எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. எழுந்தார். மடியில் பதினோரு பேர் சொத்து. யாரிடம் கொடுப்பது. பெஞ்சில் வைத்துவிட்டுப் போகலாமா, கூட்டம் நெருக்குகிறது, போனால் போனதுதான். டவுசர் பையில் திணிக்கலாமா, கையை விட்டுப் பார்த்தால் பை ஓட்டை. நடுவர் விசில் ஊதுகிறார், கூட்டம் இறங்கு இறங்கு என்கிறது, சூசையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், இவர் மூட்டையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புகிறார். உலகத்தில் எந்த ஆட்டக்காரனுக்காவது இப்படி ஒரு கஷ்டம் வந்திருக்குமா. கடைசியில் காலரிப் பக்கம் ஓடினார். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் முன்வரிசையில் மஞ்சள் சேலையில் ஒருத்தி. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "பாத்துக்கிடுங்க" என்று மூட்டையை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டார்.

அப்புறம் நடந்தது அவருக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அதுதான் கொடுமை. தன் வாழ்நாளில் ஆடிய ஒரே பெரிய ஆட்டம், அதில் பாதி நேரம் அவர் காலரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் சேலை இருக்கிறதா, எழுந்து போய்விட்டதா, கோல்கீப்பர் பல் பத்திரமா. செம்மண் தூசியும், எச்சில் வற்றிய வாயும், நெட்டையன் ஒருத்தன் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்த சத்தமும் கொஞ்சம் ஞாபகம் இருக்கின்றன. அணி தோற்றது. மறுநாள் பேப்பரில் போட்டிருந்த பெயர்களில் அவர் பெயர் இல்லை. சூசை காயத்தோடு விலகினான் என்று இருந்தது, அவனுக்குப் பதில் யார் என்று இல்லை. போட்டோவிலும் இல்லை. மில்லில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, தோற்ற ஆட்டத்தைப் பற்றி என்ன பேச்சு. ஆனால் செண்பகவல்லிக்கு எல்லாம் தெரியும். கோடை வந்து வெயில் ஏறினால் அவளுக்கு அந்த ஆட்டம் ஞாபகம் வந்துவிடும், சோறு போட்டுக்கொண்டே சொல்வாள். "பந்து எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நீங்க எங்க இருந்தீங்கன்னு தெரியும். நகையக் குடுத்துட்டுப் போன ஆளு செத்துகித்துப் போயிட்டா யார்ட்டக் குடுக்கன்னு உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்பாள். அவர் இரண்டு தடவை விழுந்தார் என்று அவள்தான் சொன்னாள். நெட்டையன் வந்தபோது மற்றவர்கள் பயந்து ஒதுங்க, அவர் ஒதுங்காமல் மட்டையைத் தரையோடு படுக்கவைத்தார் என்று அவள்தான் சொன்னாள். "பந்து உங்க மட்டையில பட்டு கோட்டுக்கு வெளிய போயிட்டு. அது உள்ள போயிருந்தா இன்னொரு கோலு. ஒருத்தரும் கைதட்டல. நான் தட்டிருப்பேன், ரெண்டு கையிலயும் ஊரார் நகை." சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றுவாள்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபிறகும் அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள், கூட வந்த தோழிகள் போய்விட்டார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். தினமும் காதில் ஊர்ச் சேதியெல்லாம் விழுந்தாலும் வாயைத் திறக்காத வேலை, அதனால் மூட்டையில் பல் இருப்பதைப் பார்த்தும் அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தனாக வந்து வாங்கிக்கொண்டு போனான். கோல்கீப்பர் மட்டும் வாயை மூடிக்கொண்டு தூரத்தில் நின்றான், அவனுக்குக் காகிதத்தை மடித்து மற்றவர்களுக்குத் தெரியாமல் கொடுத்தாள். எல்லாம் கொடுத்து முடித்ததும் பெத்துராஜ் கைக்குட்டைக்குக் கையை நீட்டினார். அவள் அதைத் தரவில்லை. "ஒரே அழுக்கா இருக்கு. துவைச்சுத் தாரேன், நாளைக்கு எக்ஸ்சேஞ்சுக்கு வந்து வாங்கிக்கிடுங்க" என்றாள். மறுநாள் போனார். காயவில்லை என்றாள். மழையா பெய்கிறது கோவில்பட்டியில், சித்திரை வெயில், பாறை வெடிக்கிற வெயில். அதற்கு மறுநாளும் காயவில்லை. அவருக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. ஹாஃப் இடத்தில் நின்று எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான் என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஆளுக்கு இது தெரியவில்லை. கல்யாணம் ஆனபிறகு அவளே சொன்னாள், அன்றைக்கு ராத்திரியே துவைத்து இஸ்திரி போட்டுப் பெட்டியில் வைத்தாயிற்று என்று. "எல்லாத்தையும் குடுத்துட்டா நீங்க எதுக்கு மறுபடி வரப்போறீங்க?" என்றாள். அவளுடைய அப்பாதான் ரொம்ப நாள் இழுத்தடித்தார். "ஆடுற பயலா, உக்காந்திருக்கிற பயலா?" என்று கேட்டாராம். "இதுவரைக்கும் உக்காந்திருக்கிற பயதான்" என்று இவள் சொன்னாளாம். கைக்குட்டை இன்றைக்கும் பீரோவில் எங்கோ இருக்கிறது. அவர் கையில் அது திரும்பி வரவே இல்லை.

செல்போன் அடித்தது. மகள் சுகந்தி, மஸ்கட்டிலிருந்து. நாளைக்குத்தான் விமானம். "அப்பா, என்ன சொல்றாங்க?" "ஒண்ணும் சொல்லல. நடக்குது." "சாப்பிட்டீங்களா?" "சாப்பிட்டேன்" என்று பொய் சொன்னார். மெட்டியைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தார், சொன்னால் அம்மா உள்ளே இருக்கும்போது மெட்டியைத் தேடுகிறீர்களா என்பாள். நியாயம்தான். வைத்துவிட்டார். வைத்ததும் மறுபடி மெட்டி. ஒரு ஜோடி மெட்டி என்ன பெரிய விலை, கடைவீதியில் போய் இன்னொன்று வாங்கினால் தீர்ந்தது. விலை இல்லை விஷயம். அவள் போட்டுக் கழற்றினது ஒன்று அவர் கையிலிருந்து நழுவிப்போயிருக்கிறது. நழுவ ஆரம்பித்துவிட்டது என்று ஏதோ ஒன்று உள்ளே சொன்னது. அந்த ஏதோ ஒன்றின் வாயில் அடிக்க வேண்டும் போல இருந்தது. பயிற்சியாளராக இத்தனை வருஷம் இருந்தாரே, பெண்கள் அணி, பள்ளிக்கூட அணி, மாநில ஜூனியர் அணிக்கு உதவிப் பயிற்சியாளர், அங்கேயும் உதவிதான். தலைமைப் பயிற்சியாளர்கள் வருவார்கள், டிராக் சூட்டில் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், மாற்றலாகிப் போவார்கள். இவர் இருப்பார். காலையில் மைதானத்தில் கல் பொறுக்குவதிலிருந்து ராத்திரி பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணி ஏற்றுவது வரைக்கும். அவர் அணியில் ஒரு சட்டம் உண்டு: பெஞ்சில் இருக்கிற பிள்ளை யாருடைய பொருளையும் வாங்கக்கூடாது. "அவன் கை சும்மா இருக்கணும். கூப்பிட்டா எந்திரிச்சு ஓடணும்" என்பார். எல்லார் சாமானும் அவரிடம். அதற்காகவே செண்பகவல்லி அவருடைய டவுசர்களில் உள்பக்கம் ஆழமாகப் பைகள் தைத்துக் கொடுத்தாள், இரட்டைத் தையல், ஓட்டை விழாத காடாத் துணி. பிள்ளைகள் அவருக்குப் பாக்கெட் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய வேலைக்குப் போய், பிள்ளைகுட்டிகளோடு ரயில்வே ஸ்டேஷனில் பார்த்தால்கூட, பாக்கெட் சார் என்றுதான் ஓடி வருகிறார்கள். பெத்துராஜ் என்று ஒரு ஹாஃப் ஆட்டக்காரன் இருந்தான் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அது ஒருத்திக்குத்தான் தெரியும். சூசை போய்ச் சேர்ந்துவிட்டான். மேனேஜர் போய்விட்டார். கோல்கீப்பர் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது, இருந்தாலும் அவனுக்கு ஞாபகம் இருப்பது பல்லாகத்தான் இருக்கும். அவருக்கே சரியாக ஞாபகம் இல்லை. ரெண்டு தடவை விழுந்ததும், மட்டையைப் படுக்கவைத்ததும், பந்து கோட்டுக்கு வெளியே போனதும் அவள் மனசில்தான் இருக்கின்றன, இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் மயக்கத்தில் கிடக்கிறவளிடம். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் ஆடவே இல்லை என்று ஆகிவிடும். இப்படி நினைத்ததும் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. உயிரோடு அவள் திரும்பி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டிய நேரத்தில், அடேய், உன் ஆட்டமா முக்கியம். வேண்டாம். அந்த ஆட்டம் யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போகட்டும். அவளுக்கே மறந்து போகட்டும், மயக்க மருந்தில் அந்த ஒரு சாயங்காலம் மட்டும் அழிந்து போகட்டும், அவள் வந்தால் போதும். சோறு போட்டு ரசம் ஊற்றாவிட்டாலும் பரவாயில்லை, நான் ஊற்றுகிறேன். அவளை அவருக்குப் பிடிக்கும். இத்தனை வருஷத்தில் அதை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்து மூட்டையைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் சொன்னார். சொன்னபிறகு மூட்டையை அவிழ்த்து எண்ணினார். அந்தச் சிரிப்பு மறுபடி வந்து நின்றது. எங்கே பார்த்தோம் அதை.

கதவு திறந்தது. காலையில் தட்டோடு வந்த அதே நர்ஸ். "செண்பகவல்லி கூட வந்தவங்க." அவர் எழுந்தார், மூட்டை பிரிந்து வளையல் ஒன்று உருண்டது, புளியங்குடி அம்மா காலால் தடுத்து எடுத்துக் கொடுத்தாள். "மாத்தியாச்சு சார். புது வால்வு நல்லா வேல செய்யுது. இப்பத் தையல் போடுறாங்க. ராத்திரி பூரா ஐசியூல மயக்கத்துலதான் இருப்பாங்க, நாளைக்குத்தான் பாக்க முடியும்" என்றாள். பெத்துராஜ் கும்பிட நினைத்தார், கையில் மூட்டை. டாக்டருக்கு நன்றி சொல்லுங்கள் என்று சொல்ல நினைத்தார், அவள் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தார். வாயில் வந்தது வேறு. "ஒரு மெட்டி கொறையுதும்மா" என்றார். சொன்னதும் வெட்கமாகிவிட்டது. நர்ஸ் கோபப்படவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கேப்பீங்கன்னு சொன்னாங்க. ஒண்ணக் கழட்டிக் குடுத்துட்டு இன்னொண்ணக் கழட்டவே மாட்டேன்னுட்டாங்க சார். டாக்டரே வந்து சொல்லிப் பாத்தாரு. கடைசியில அது மேலேயே பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டோம். நாங்களா உங்ககிட்ட எதுவும் சொல்லக்கூடாதாம். எண்ணிப் பாத்துட்டு நீங்களே வந்து கேப்பீங்களாம், கேட்டா மட்டும் சொல்லணுமாம்." "என்ன சொல்லணும்?" "துவைச்சுத் தாரேன், நாளைக்கு வந்து வாங்கிக்கிடுங்கன்னு." நர்ஸ் புருவத்தைச் சுருக்கினாள். "மெட்டிய எதுக்கு சார் துவைக்கணும்?"

எக்ஸ்சேஞ்ச் வாசலில் வேப்பமரம், உள்ளே மரத்தடுப்புக்குப் பின்னால் தலையில் ஹெட்போனோடு எட்டிப்பார்த்து, இன்னும் காயலங்க என்று சொன்னபோது சிரித்த சிரிப்பு. அதேதான். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், திறந்த வாய் கோணிக்கொண்டு போயிற்று. நர்ஸ் உள்ளே போய்விட்டாள். "என்னய்யா, நல்ல சேதிதான?" என்று புளியங்குடி அம்மா கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். கண்ணில் வந்தது கன்னத்தில் இறங்கியது, துடைக்கக் கைக்குட்டை வேண்டும், கைக்குட்டையில் நகை. அவர் மூட்டையை இறுக்கி முடிச்சுப் போட்டு, அந்த அம்மா கையில் வைத்தார். "கொஞ்சம் பாத்துக்கிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.